திருப்பாத ஷாட்

கம்பியின் முகம் யாருக்கும் தெரியாது. கை மட்டும் வாரத்தில் ஐந்து நாள் வீடு வீடாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அந்தத் தொலைக்காட்சித் தொடரில் ராக் பாடகனாக நடித்த கதாநாயகனுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. தூரத்துக் காட்சிகளில் தலையைச் சிலுப்பிச் சமாளித்துவிடுவார். கேமரா விரல்களுக்கு அருகே வரும்போது அவரை எழுப்பிவிட்டு, அதே மாதிரி இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு கம்பி உட்கார வேண்டும். முழங்கைக்கு மேல் எதுவும் படத்தில் விழக்கூடாது. ஒருமுறை மோவாய் நுனி விழுந்துவிட்டது என்று அரை நாள் வேலையைத் தூக்கிப் போட்டார்கள்.

கம்பி என்பது இசைக்குழுவில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். ஆளும் ஒல்லி, வாசித்ததும் கிடார். ஏழு வருடம் மேடை ஏறிய அந்தக் குழு கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. டிரம்ஸ் வாசித்தவர் கம்பியின் மனைவிக்கு அண்ணன். இப்போது கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறார். கம்பி மட்டும் கிடாரை விடவில்லை. சினிமாவின் பின்னணி இசைக்கும் விளம்பரங்களுக்கும் சீரியல்களுக்கும், யார் எழுதிக் கொடுத்தாலும் வாசித்தார். சொந்தமாக மட்டும் பதினோரு வருடமாக ஒரு மெட்டும் வரவில்லை. குழுவுக்காக ஒரே ஒரு பாட்டு போட்டிருந்தார். அதோடு சரி. தினமும் காலையில் ஒரு மணி நேரம் கிடாரோடு உட்காருவார். அடுத்தவர் மெட்டுகளாகவே விரலில் வந்து விழும். எழுந்து வந்து, இன்றைக்கும் இல்லை என்று மனைவியிடம் சொல்லுவார். மனைவி காபியைக் கொடுப்பாள்.

தொடரில் முதல் நாளே ஒரு சிக்கல். கதாநாயகன் இடக்கைக்காரர். கிடாரை மாற்றிப் பிடித்தபடியே முப்பது ஷாட் முடித்துவிட்டார், ஒருவரும் கவனிக்கவில்லை. கம்பியோ வலக்கைக்காரர். எடிட்டர்தான் வழி கண்டுபிடித்தார். கம்பியின் ஷாட்டுகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றித் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்றும் இருந்தது. கம்பியின் இடக்கைச் சுண்டுவிரல் கோணல். ஒன்பது வயதில் பஸ் கதவில் மாட்டியது. திருப்பிய படத்தில் அது வலக்கைச் சுண்டுவிரலாகத் தெரியும். அந்தக் கோணலுக்காகவே டைரக்டர் கதையில் ஒரு விபத்தை எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய தவறு நடந்திருந்தது. படப்பிடிப்பில் வசனத்துக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று கிடார் கம்பிகளுக்கு அடியில் பஞ்சு வைத்துவிடுவார்கள். விரல் ஓடும், சத்தம் வராது. பிறகு ஸ்டுடியோவில் படத்தைப் பார்த்து அதே விரலோட்டத்துக்குச் சரியாக வாசித்துப் பதிய வேண்டும். அப்போது உதவும் என்று படப்பிடிப்பிலேயே ஒரு சின்னக் கருவியில் அந்த முணுமுணுப்பைப் பிடித்து வைப்பது வழக்கம். பன்னிரண்டு நாள் படப்பிடிப்பில் அந்தக் கருவியை ஒருவரும் இயக்கவில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் கம்பி வைத்திருப்பார் என்று நினைத்தார்கள், கம்பி அவர்கள் வைத்திருப்பார்கள் என்று நினைத்தார்.

ஆகவே தன் கையைத் தானே படித்துத்தான் தீர வேண்டும். அதுவும் கண்ணாடிப் பிம்பமாக.

டப்பிங் அறை, இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறத் துணி. முன்னால் ஆளுயரத் திரை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், ஐம்பதைத் தாண்டிய அம்மாள், ஸ்வெட்டரும் கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார். முதல் நாள் கம்பி தடவித் தடவி வாசிப்பதைப் பார்த்துவிட்டு, சொந்தக் கையெழுத்தே புரியாத டாக்டர் மாதிரி இருக்கிறீர்களே என்று கேட்டார். ஒரே ஷாட் திரும்பத் திரும்ப ஓடும். ஒவ்வொரு முறையும் மூன்று 'பீப்' ஒலி. நான்காவது விழ வேண்டிய இடத்தில் கம்பி வாசிக்கத் தொடங்க வேண்டும்.

மூன்று நாளில் பழகிவிட்டது. நான்காம் நாள் மத்தியானம் அந்த ஷாட் வந்தது.

திரையில் அதே கறுப்புச் சட்டை, அதே கோணல் சுண்டுவிரல். விரல்கள் கிடாரின் கழுத்துப் பக்கத்திலிருந்து மெதுவாக இறங்கின. நான்கு சுரம் போய், ஒன்று விட்டு, பக்கவாட்டில் சறுக்கி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் போய் நின்றன. கம்பி தன் கிடாரில் கையை வைக்கவில்லை. இதை அவர் வாசித்ததே இல்லை. இப்படி வாசிக்க அவருக்குத் தோன்றியதும் இல்லை.

இரண்டாவது சுற்றில் விரல்களைத் தொடர்ந்து போனார். ஆறாவது சுற்றில் மெட்டு முழுதாக வந்துவிட்டது. வாசித்து முடித்து நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பி சார், இவ்ளோ நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கம்பி எடிட்டருக்குப் போன் போட்டார். எந்த நாள் எடுத்த ஷாட் அது என்று கேட்டார்.

எடிட்டர் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்று கம்பிக்குப் பதினேழு ஷாட். இது பதினெட்டு என்று குறித்திருக்கிறது. பட்டியலில் பதினெட்டு கிடையாது, ஆனால் கணினி வட்டில் இருக்கிறது.

"இன்னொண்ணு சார். இதை நான் திருப்பவே இல்ல. வந்ததே இப்படித்தான். நீங்க விளையாட்டுக்கு இடது கையில வாசிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

கம்பி அதை ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பிவிட்டு மறந்திருப்பீர்கள் என்றார். எடிட்டர் கோபப்படாமல், ஷாட்டின் தொடக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ஒலிப்பதிவாளர் ஓட்டிக் காட்டினார். படம் தொடங்குமுன் ஷாட் எண் எழுதிய கிளாப் பலகை தெரிந்தது. மற்ற ஷாட்டுகளில் அதன் எழுத்துகள் கண்ணாடியில் படிப்பதுபோலப் புரண்டு கிடக்கும். இதில் நேராக இருந்தன.

ஆக, திரையில் இருந்த ஆள் நிஜமாகவே இடக்கைக்காரன். அவனுடைய வலக்கைச் சுண்டுவிரல்தான் கோணல். அப்படி ஒரு ஆள் அந்தப் படப்பிடிப்பில் இல்லை.

கம்பி வீட்டில் இதைச் சொல்லவில்லை. அன்று காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் மெட்டு இல்லை. மத்தியானம் ஒன்று கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கிளற அவருக்கு மனம் வரவில்லை.

அந்தப் பகுதி ஒளிபரப்பானதும் ஊரே அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் யாருடைய போனோ அதில் அலறியது. லிஃப்டில் ஒருவர் சீட்டியடித்தார். டைரக்டர் கூப்பிட்டு, இனி தொடரின் இசை என்று கம்பியின் பெயரையே போடப்போவதாகச் சொன்னார். மச்சானும் போன் செய்தார். குரலில் பழைய நக்கல் அப்படியே இருந்தது.

"டேய், உண்மையைச் சொல்லு. யாரு கிட்டருந்து சுட்டே?"

"நானே போட்டதுதான் மச்சான்."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ போட்ட ஒரே பாட்டுல நாலாவது வரியில நீயே வழுக்கி விழுவே. ஆறு மேடையில ஆறு தடவையும் விழுந்தே. நான்தான் டிரம்ஸைப் போட்டு அமுக்குவேன்."

உண்மைதான். அந்தப் பாட்டில் சுண்டுவிரலை எட்டி வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோணல் விரல் அங்கே போய்ச் சறுக்கும். தானே போட்ட பாட்டில் தனக்கே எட்டாத இடத்தை வைத்தவர் உலகத்திலேயே கம்பி ஒருவர்தான் என்று குழுவில் கேலி செய்வார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படி ஒரு ஷாட் இருந்தது. அன்றைய பட்டியல் எங்கே முடிகிறதோ அதற்கு அடுத்த எண். கம்பி மற்ற வேலையை அவசரமாக முடித்துவிட்டு அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். ஐந்து வாரத்தில் ஐந்து மெட்டு. ஒன்றை ஒன்று தூக்கிச் சாப்பிடும்.

மாற்றத்தை முதலில் பார்த்தது மனைவிதான். அவள் பிசியோதெரபிஸ்ட், விபத்தில் அடிபட்ட கைகளைப் பழக்கி மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். ஒருவர் டம்ளரைத் தூக்கும் விதத்தை வைத்தே எந்த எலும்பில் வலி என்று சொல்லிவிடுவாள். கணவர் இடக்கையால் பல் தேய்ப்பதை ஒருநாள் பார்த்தாள். மறுவாரம் சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறினார். பேனாவை இடக்கையில் எடுத்தார், எடுத்ததே தெரியாமல் எழுதினார். என்ன புதுப் பழக்கம், ராக் ஸ்டார் ஆகிவிட்டால் எல்லாம் தலைகீழா என்று கிண்டல் செய்தாள். அவரும் சிரித்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்கார்ந்து இருவரும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே வந்தவள் சுண்டுவிரலில் நின்றாள். டிவியை அணைத்தாள்.

விரல் நேராக இருந்தது.

பிறந்ததிலிருந்தே நேராக இருந்த விரல்போல. அவள் கணுக் கணுவாக அழுத்திப் பார்த்தாள். பழைய முறிவின் முடிச்சு அங்கே இல்லை. பிறகு வலக்கையை எடுத்தாள். அங்கே சுண்டுவிரலின் நடுக்கணு லேசாகப் புடைத்து உள்பக்கம் வளையத் தொடங்கியிருந்தது.

"இது குணமானது இல்லைங்க. முப்பத்தஞ்சு வருஷத்துக் கோணல் ஒரு மாசத்துல நிமிராது. இது உங்க விரலே இல்ல."

அப்போதுதான் கம்பி எல்லாவற்றையும் சொன்னார். அவள் பயந்து கத்துவாள் என்று நினைத்தார். அவளோ ஒரு நோயாளியிடம் கேட்பதுபோல, வாசிக்கும்போது எங்கே மரத்துப்போகிறது, எந்தப் பக்கம் முதலில், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. இன்னும் எத்தனை ஷாட் பாக்கி?

ஒன்று. தொடரின் கடைசிப் பகுதி. அதற்காக வந்திருந்த, பட்டியலில் இல்லாத ஷாட் நான்கு நிமிடம் நீளம். கம்பி அதைச் சத்தமில்லாமல் ஒருமுறை பார்த்திருந்தார். அதில் இருந்த மெட்டு, ஒருவர் வாழ்நாளில் ஒன்று போட்டால் போதும் என்கிற மாதிரி. அதை நினைத்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அதை வாசித்தால் திரும்பி வருவது நீங்களாக இருக்க மாட்டீர்கள் என்று அவள் சொன்னாள். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லட்டும் என்றும் சொன்னாள். வேறு ஒருவர் கை போகலாமா என்று அவர் கேட்டார்.  ஆனால் அவர் அந்த மெட்டுக்காகத்தான் போகிறார் என்பது இருவருக்குமே தெரிந்தது.

கிளினிக்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளும் கூடவே வந்தாள். ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்ணாடி வழியே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

மூன்று 'பீப்'. கம்பி வாசித்தார்.

முதல் நிமிடத்தில் இடது தோள் மரத்தது. இரண்டாவதில், இடது கையும் வலது கையும் ஒன்றின் இடத்துக்கு ஒன்று போகத் துடித்தன. கிடாரையே புரட்டிப் பிடித்துக்கொண்டால் என்ன சுகமாக இருக்கும் என்று தோன்றியது. மெட்டு ஏறிக்கொண்டே போனது. இன்னும் பாதிதான், இன்னும் பாதிதான் என்று யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது.

"நிறுத்துங்க."

ஹெட்போனில் மனைவியின் குரல். அவர் கை தானாக நின்றது.

திரையில் இருந்த கையும் நின்றது.

ஷாட் நிற்கவில்லை. மூலையில் விநாடி எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. படத்தில் பின்னால் திரைச்சீலை அசைந்துகொண்டிருந்தது. கை மட்டும் கம்பிகளின்மேல் விரல்களைத் தூக்கி வைத்தபடி காத்திருந்தது. ஒலிப்பதிவாளர் கையருகே இருந்த டிபன் பிளேட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். இருபத்தெட்டு வருட அனுபவத்தில் படத்துக்காக ஆள் காத்திருந்துதான் அவர் பார்த்திருக்கிறார்.

"அது உங்களுக்காக நிக்குது சார்" என்றார் மெதுவாக.

மனைவி கண்ணாடியருகே எழுந்து வந்தாள். திரையை உற்றுப் பார்த்தாள். வருடக்கணக்காக மடியில் வைத்து நீவிய விரலை அவளுக்குத் தெரியாதா? பக்கம்தான் வேறு. கணுவும் முடிச்சும் நகத்தின் ஓரத்து வடுவும் அப்படியே.

"உங்க விரல் அங்க இருக்கு."

கம்பி தன் இடக்கையையும் திரையில் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒலிப்பதிவாளரிடம் அந்த ஷாட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். திருப்பினால் வலக்கை வாசிப்பு ஆகிவிடும், கதாநாயகன் இடக்கைக்காரர், டைரக்டர் உயிரை எடுத்துவிடுவார் என்று அவர் தயங்கினார். கம்பி மறுபடியும் அதையே சொன்னார். அந்த அம்மாள் ஒரு பொத்தானைத் தட்டினார்.

திரையில் இடம் வலமாயிற்று. இத்தனை வாரமாக எதிரே உட்கார்ந்து வாசித்தவன் சட்டென்று இவர் பக்கத்துக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. கிடாரை இவர் பிடித்த விதத்திலேயே அவனும் பிடித்திருந்தான். கம்பிகளை அழுத்தியது இடக்கை. அதன் சுண்டுவிரல் கோணல். அந்தக் கை தடுமாறியது. இல்லாத பக்கத்தில் கம்பிகளைத் தேடியது. அந்த நான்கு நிமிட மெட்டை அதனால் வாசிக்க முடியவில்லை. இரண்டு சுரம் போய் விழுந்தது. மூன்று 'பீப்', மறுபடி விழுந்தது.

அந்த மெட்டின் மீதிப் பாதியை இனிக் கேட்கவே முடியாது என்று கம்பிக்குப் புரிந்தது. 

அவர் தன் பழைய பாட்டை வாசிக்கத் தொடங்கினார். குழுவுக்காகப் போட்டது, ஆறு மேடை மட்டும் பார்த்தது.

திரைக்கை கொஞ்சம் தயங்கிவிட்டுப் பின்தொடர்ந்தது. இப்போது அவர் முன்னால், அது பின்னால். நாலாவது வரி வந்தது. நேரான விரல் எட்டி வைத்தது, பிசகில்லாமல் சுரம் மணியாக விழுந்தது. திரையில் கோணல் விரல் சறுக்கியது. தன் பாட்டு முதன்முறையாகச் சரியாகக் கேட்டதும் கம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டார். வேறு யாரோ வாசிப்பதுபோல இருந்தது.

திரும்ப வாசித்தார். படத்தோடு பொருந்திப் பொருந்தித்தான் விரல் போயிருந்தது, திரும்பி வருவதும் அப்படித்தான். படத்துக்கும் சத்தத்துக்கும் பொருத்தம் வர வேண்டும் என்றால் இந்த விரலும் அங்கே சறுக்க வேண்டும். வேண்டுமென்றே வழுக்கிப் பார்த்தார், சேரவில்லை. ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு சுற்றுக்கும், அரை விநாடி முன்னே, கால் விநாடி பின்னே என்று வழக்கமான வேலைபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல்தான் கம்பியைப் பிடித்து உட்காரவைத்தது. பதினைந்து சுற்று, இருபது சுற்று.  மனைவி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

இருபத்து மூன்றாவது சுற்றில் அவர் எதையும் நினைக்கவில்லை. விரல் எட்டியது, சறுக்கியது. அதே நொடியில் நடுக்கணுவில் சுளீரென்று வலித்தது, அந்தப் பஸ் கதவு இப்போதுதான் மூடியதுபோல. அலறிக்கொண்டு கையை உதறினார்.

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கோணல் இருந்தது.

திரையில் கை, கிடாரை மெல்ல நாற்காலியில் சாய்த்துவிட்டுப் படத்தின் ஓரமாக வெளியே போனது. அடுத்த சுற்றில் நாற்காலியும் கிடாரும் மட்டும் இருந்தன. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. ஒலிப்பதிவாளர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இன்றைக்கு இது போதும் என்று சொல்லி எல்லா விளக்கையும் போட்டார்.

கடைசிப் பகுதி அந்தப் பழைய பாட்டோடுதான் ஒளிபரப்பானது. படத்துக்கு எடிட்டர் ஏதோ பழைய ஷாட்டை ஒட்டிக்கொண்டார். டைரக்டருக்குத் திருப்தி இல்லை, முடிவு சப்பென்று போய்விட்டது என்று பத்திரிகைகளும் எழுதின. கம்பி வலக்கையால் பல் தேய்த்தார்.

அந்த ஐந்து மெட்டும் அவர் விரலில் இல்லை. தொடர் முடிந்தபின் மச்சான் குழுவை மறுபடி சேர்த்து ஒரு மேடை ஏற்பாடு செய்தார். கூட்டம் அந்த மெட்டுகளைக் கேட்டுக் கத்தியது. கம்பி கிடாரில் கையை வைத்துவிட்டு, அதெல்லாம் எனக்கு வராது என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அடக்கத்தில் சொல்கிறார் என்று கை தட்டினார்கள். மச்சான் மட்டும் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு ஒருநாள் காலை. கம்பி கிடாரோடு உட்கார்ந்துவிட்டு, இன்றைக்கும் இல்லை என்று சொல்லியபடி சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். ஒலிப்பதிவாளரின் போன். தொடரை மறு ஒளிபரப்புச் செய்கிறார்களாம். முதல் மெட்டு வரும் அந்தப் பகுதியில் படமும் சத்தமும் பொருந்தவில்லை என்று நேயர்கள் புகார் அனுப்புகிறார்களாம். அவரே ஓட்டிப் பார்த்தாராம். சத்தம் பழைய மெட்டுதான், விரல்கள் வேறு எதையோ வாசிக்கின்றன. புதிதாக ஏதோ.

திரும்ப டப்பிங் செய்ய வர முடியுமா என்று டைரக்டர் கேட்கச் சொன்னார் என்றார். சொல்லும்போதே குரல் இறங்கியிருந்தது.

கம்பி மாட்டேன் என்று உடனே சொல்லவில்லை.

"எப்படி மேடம் இருக்கு, புதுசா வாசிக்கிறது?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? சத்தம் இல்லையே. நீங்க வந்து வாசிச்சாத்தான் தெரியும்."

மனைவி எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து போனை வாங்கினாள். அவர் வரமாட்டார், அந்த ஷாட்டை நீங்களும் பார்க்காதீர்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

போன் மறுபடி அடித்தது. அவள் அவருடைய இரண்டு கையையும் மேஜைமேல் சேர்த்து வைத்து, அவற்றின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அடித்து ஓயும்வரை எடுக்கவில்லை.